நம்ம ஊர்ல செஞ்ச போனும் நடுராத்திரி அப்டேட்டும்



போன வாரம் குரூப்பில் நான் போட்ட குரல் பதிவைக் கேட்டுவிட்டு, "டீச்சர், போன் தொலைஞ்சிடுச்சா?" என்று நிறைய பேர் விசாரித்தீர்கள். தொலையவில்லை. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அதே போன் வேறு போனாக இருந்தது. எழுத்தின் அளவு மாறிவிட்டது. போனை எடுக்கும் பச்சை பொத்தான் இருந்த இடத்தில் இல்லை. மகன் அழைத்தபோது இரண்டு தடவை நானே கட் செய்துவிட்டேன். "அப்டேட் ஆகியிருக்கும்மா" என்று பெங்களூரிலிருந்து அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வாரம் ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றை வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று ஒரு செயலியைத் திறந்தேன். சென்ற ஆண்டு நானே தனியாகச் செய்து முடித்த வேலை. இந்த ஆண்டு அதுவும் மாறியிருந்தது. முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். மூன்று முறையும் ஏற்கவில்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை அந்தச் செயலிக்கு என்னால் நிரூபிக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன் நின்றவளுக்கு அன்று கண் கலங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மறுநாள் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் செட்டுப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரிந்துவிடும். கேமரா கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். என்னை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். இன்னொரு துணைச் செயலி பழைய பதிப்பிலேயே நின்றிருந்ததைக் கண்டுபிடித்துப் புதுப்பித்தாள். ஐந்து நிமிடத்தில் நான் உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது.

"எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றேன்.

"டீச்சர், எட்டு வருஷம் நோக்கியாவுல இருந்தேனே. ஆனா அங்கே நாங்க செஞ்சது உடம்பு மட்டும்தான். உயிர் வேற எங்கேருந்தோ வரும்" என்றாள்.

வரலாறு நடத்திப் பழகிய மூளை, இதைக் கேட்டபின் சும்மா இருக்குமா? இந்தப் பதிவு அதன் விளைவு. கொஞ்சம் நீளம்தான். பாதியில் ஓடுபவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

*

முதலில் நம் ஊர். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த தலம் என்பதுதான் பல நூற்றாண்டுகளாக அடையாளம். 1991 மே 21-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்பதும் சேர்ந்துகொண்டது. அவர் ஆட்சிக்காலத்தில்தான் சி-டாட் என்ற அரசு தொலைத்தொடர்பு ஆய்வு மையம் வேகம் பிடித்தது. 1984-ல் தொடங்கிய அந்த மையத்தின் பொறியாளர்கள் நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற சிறிய தொலைபேசி இணைப்பகங்களை உருவாக்கினார்கள். மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் ஊருக்கு ஊர் முளைத்தன. இரவு கட்டணம் குறைந்த பிறகு வரிசையில் நின்று மாமாவுக்குப் பேசிய கதை உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அவர் கையில் இருந்தது நோக்கியா போன். அப்போது ஒரு நிமிடம் பேச 16 ரூபாய்க்கு மேல். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்ட வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை அப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது. 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த இடத்தில் சிப்காட் சாலைகள் வந்தன, கம்பெனி பஸ்கள் வந்தன, கொரிய மொழியில் பெயர்ப்பலகைகளும் வந்தன. "கொரியா எங்கே இருக்கு?" என்று கேட்டால் வரைபடத்தில் தேடிய பிள்ளைகள், "எங்க மாமா கம்பெனி முதலாளி ஊரு டீச்சர்" என்று சொல்லத் தொடங்கிய காலம் அது.

*

அடுத்து வந்தது நோக்கியா. இந்தக் கம்பெனி 1865-ல் ஃபின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று பல தொழில் பார்த்துக் கடைசியில் செல்போனுக்கு வந்து உலகத்தில் முதலிடம் பிடித்தது. 2005-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. சார்ஜர் செய்யும் சால்காம்ப், பாகங்கள் செய்யும் ஃபாக்ஸ்கான் என்று துணைக் கம்பெனிகள் கூடவே வந்தன.

உச்சத்தில் நோக்கியா ஆலையில் மட்டும் நேரடியாகவே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள். பலர் அவரவர் வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர்கள். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் என்றிருந்த வீடுகளில், "இருக்கட்டும், இன்னும் ரெண்டு வருஷம் வேலைக்குப் போகட்டும்" என்ற பேச்சு வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தம்பி படிப்பு, அக்கா நகை, கூரை வீட்டுக்குத் தளம், எல்லாவற்றிலும் அந்தச் சம்பளம் இருந்தது.

அந்தக் காலத்துப் போனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச், அலாரம், பாம்பு விளையாட்டு. அவ்வளவுதான். அதில் ஒரு குணம் இருந்தது: வாங்கிய அன்று எப்படி இருந்ததோ, உடைகிற வரை அப்படியே இருக்கும். ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். கண் தெரியாத என் மாமியார்கூட "மேலேயிருந்து மூணாவது" என்று விரலால் தடவியே எனக்குப் போன் போடுவார். போன் என்பது அன்று அம்மிக்கல் மாதிரி ஒரு பொருள். வாங்கினால் நம்முடையது.

*

அந்தக் குணம் மாறிய வருடம் 2007. ஜூன் மாதம் அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் செயலிக் கடை வந்தது. அதே 2008-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு போனும் வந்தது. அன்றிலிருந்து போன் என்பது கடையில் வாங்கும்போது முடிந்துபோன பொருள் இல்லை. வாங்கிய பிறகும் அதை எங்கிருந்தோ யாரோ மாற்றிக்கொண்டே இருக்கலாம். உடம்பைவிட உயிர் பெரிதாகிவிட்டது. அந்த உயிருக்குப் பெயர்தான் மென்பொருள்.

நோக்கியா இதைக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டது. 2011 பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீஃபன் இலாப் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், நாம் எரிகிற மேடையில் நிற்கிறோம் என்ற பொருளில் எச்சரித்தார். சொந்த மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறினார்கள். அது எடுபடவில்லை. 2013 செப்டம்பரில் போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவெடுத்தார்கள்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். என் மாணவி சொன்ன உடம்பு, உயிர் கதை நீதிமன்றம் வரை போன இடம் இதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் செய்த போனுக்குள் போடும் மென்பொருள் ஃபின்லாந்தில் உள்ள தாய்க் கம்பெனியிடமிருந்து வந்தது. அதற்கு இங்கிருந்து பணம் போனது. அந்தப் பணம் ராயல்டி, அதாவது உரிமத் தொகை. அதை அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்று வருமான வரித்துறை சொன்னது. பொருள் வாங்கினோம், விலை கொடுத்தோம், இதில் ராயல்டி எங்கே வந்தது என்றது நோக்கியா. 2013-ல் துறை கேட்ட தொகை 2,080 கோடி ரூபாய். ஏற்றுமதிக்கு என்று சொன்ன போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டதாகச் சொல்லி மாநில வணிகவரித் துறை 2014-ல் தனியாகச் சுமார் 2,400 கோடி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது.

வழக்கு நடக்கும்போது ஆலையைக் கைமாற்ற நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளை நோக்கியாவால் ஏற்க முடியவில்லை. 2014 ஏப்ரலில் உலகம் முழுவதும் உள்ள நோக்கியா போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை தனியாக விடப்பட்டது. சில மாதம் ஒப்பந்த வேலை கொடுத்தார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஏறத்தாழ 5,700 பேர் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார்கள். அந்தச் சொல்லில் "விருப்பம்" எவ்வளவு இருந்தது என்பதை வாங்கியவர்களிடம் கேளுங்கள். அந்த டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

வரி வழக்கு மட்டும்தான் காரணம் என்று ஒரு வரலாற்று ஆசிரியை சொல்லக்கூடாது. சாதாரணப் பொத்தான் போனுக்குக் கிராக்கி குறைந்துகொண்டே வந்தது உண்மை. ஆனால் இரண்டு காரணத்தையும் தோண்டினால் அடியில் ஒரே விஷயம்தான் கிடைக்கிறது. கிராக்கி குறைந்தது மென்பொருளால். வழக்கு வந்ததும் மென்பொருளால். போனின் உடம்பைச் செய்த எங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வருமான வரி வழக்கு 2018-ல் இரு நாட்டு அரசுகளும் பேசிச் சமரசமாக முடிந்தது. நோக்கியா ஏறத்தாழ 1,600 கோடி கட்டியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேறு கம்பெனிகளின் வழக்குகளில், பயன்படுத்துவதற்கோ விற்பதற்கோ வெளிநாட்டிலிருந்து வாங்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் விலை ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது என் மாணவி நோக்கியாவை விட்டு ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஆலைக்கு நடந்தது பிறகு போனுக்கும் நடந்தது. 2018 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப் நோக்கியாவின் எஸ்40 வகைப் போன்களில் நின்றுபோனது. 2020 பிப்ரவரி 1 முதல் பழைய ஆண்ட்ராய்டு, பழைய ஐபோன் சிலவற்றில் நின்றது. 2021 நவம்பரில் இன்னும் கொஞ்சம் போன்கள். உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்கு இது நடந்திருக்கும். போன் உடையவில்லை. பேட்டரி நிற்கிறது. ஆனால் பேரப்பிள்ளை முகம் மட்டும் வரவில்லை. "நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று அவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொண்டார்கள். என் சின்ன அண்ணன் ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் அப்படித்தான் இருந்தார். அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. மாற்றியது வேறு யாரோ.

அப்படியானால் அப்டேட் என்பதே கெட்டதா? அப்படிச் சொன்னால் நான் நன்றி கெட்டவள்.

ஒரு மென்பொருளில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். எழுதும்போது பிழை வரத்தான் செய்யும். சில பிழைகள் திருடனுக்குத் திறந்துவைத்த கொல்லைக்கதவு மாதிரி. கண்டுபிடித்தவுடன் தாழ்ப்பாள் போட வேண்டும். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் பெரும்பாலும் அந்தத் தாழ்ப்பாள்தான். போனிலேயே பணம் அனுப்புகிற காலத்தில் அதைத் தள்ளிப்போடக்கூடாது.

இன்னொன்று, நம் தமிழ். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 1991-ல். ஆனாலும் வெகுகாலம் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியாகி, செல்போனில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சரிசெய்தது பின்னால் வந்த பதிப்புகள்தான். ஐபோனில் தமிழ் விசைப்பலகை வந்தது 2013-ல், ஒரு அப்டேட்டில். 2017 ஆகஸ்டில் கூகுள், பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைத் தமிழுக்கும் கொடுத்தது. அதுவும் ஒரு அப்டேட்தான்.

இந்தப் பதிவில் பாதி நான் வாயால் சொல்லப் போன் எழுதிக்கொண்டது. கை நடுக்கம் வந்த பிறகு கடிதம் எழுதுவதையே விட்டிருந்தேன். என் எழுத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு அப்டேட். ஆகவே என் பச்சை பொத்தானை இடம் மாற்றியவர்களையும் என் தமிழை எழுதவைத்தவர்களையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

தவறான அப்டேட்டும் உண்டு. பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பழைய பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. முன்கூட்டியே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன. இந்தியாவில் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பேனாவும் தாளும் அன்று கைகொடுத்தன.

*

இப்போது நம் சாலையில் மறுபடி சங்கு ஊதுகிறது. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கானில் 2019-ல் ஐபோன் எக்ஸ்ஆர் தொடங்கி வரிசையாக ஐபோன்கள் தயாராகின்றன. பூட்டிக்கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்கியது. நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்த அதே கம்பெனிதான்! 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டதும் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன்பிறகுதான் அவர்கள் எப்படித் தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று உலகம் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. சாலையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

காரும் இப்போது போன் மாதிரிதான். 2019-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த வென்யூ, இணைய இணைப்போடு வந்தது. முன்பு என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்ன மெக்கானிக் என் மாணவன் ஒருவன், இப்போது முதலில் கணினியைச் செருகிப் பார்க்கிறான். "காது பழகினது போதும், இனி கண்ணு பழகணும் டீச்சர்" என்கிறான்.

ஆனால் என் மாணவி சொன்ன வாக்கியம் இன்னும் பொய்யாகவில்லை. இன்று சுங்குவார்சத்திரத்தில் நம் பெண்கள் கையால் பூட்டப்படும் போனின் உயிர் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. அதை எப்போது மாற்றுவது, எத்தனை வருடம் மாற்றுவது, எந்த நாள் கைவிடுவது என்ற முடிவு எதுவும் இந்தச் சாலையில் எடுக்கப்படுவதில்லை. 2014 எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: உடம்பை மட்டும் செய்கிறவன் கையில் தன் நாளை இருக்காது.

*

கடைசியாகச் சில வார்த்தைகள். பாடம் முடிவதற்கு முன் மணி அடிக்க மாட்டேன்.

பாடத்திட்டம் மாறுவதை நாங்களும் பார்த்தவர்கள். 2011-ல் சமச்சீர்க் கல்விப் புத்தகம் வருமா வராதா என்று வழக்கு நடந்ததில் ஜூன், ஜூலை முழுக்கப் புத்தகம் இல்லாமல் வகுப்பு எடுத்தோம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. 2018-ல் புதிய புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தது. அந்த மாற்றங்களில் முணுமுணுக்காத ஆசிரியர் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எங்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று சொன்னார்கள். போனை மாற்றுகிறவர்கள் அதைச் செய்வதில்லை. அந்தப் பயிற்சியை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். அது நீங்கள்தான்.

ஒன்று: வீட்டில் பெரியவர் போனில் அப்டேட் வந்தால், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். படங்களையும் எண்களையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் இருங்கள். போனைப் பிடுங்கி நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். அவர்கள் விரலால் அவர்களே மூன்று முறை செய்யட்டும். என் வகுப்பில் உங்களுக்கு நான் அப்படித்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு: "உங்கள் கேஒய்சி அப்டேட் செய்யவும்", "ஓய்வூதியம் நிற்கப்போகிறது, இந்த லிங்கை அழுத்தவும்" என்று செய்தி வந்தால் அது அப்டேட் இல்லை, திருட்டு. செயலியை அதற்குரிய கடையிலிருந்து மட்டும் புதுப்பிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறக்கவே கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்த எண்ணைப் பெரியவர்கள் பார்க்கும் இடத்தில், காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மூன்று: கம்பெனி வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு. உங்கள் பிள்ளை "நான் ஆப் செய்யணும்" என்று சொன்னால் விளையாட்டு என்று தள்ளாதீர்கள். போனின் உடம்பை இந்த ஊர் நன்றாகவே செய்து காட்டிவிட்டது. உயிரையும் நம் பிள்ளைகள் எழுதட்டும். அப்படி எழுதுகிறவர்களுக்கு நான் இப்போதே ஒரு வேண்டுகோள் வைத்துவிடுகிறேன்: பொத்தானை இடம் மாற்றுவதற்கு முன்பு, எழுபது வயதில் ஒருத்தி மகன் குரலைக் கேட்க அந்தப் பொத்தானைத் தேடுவாள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் தெருவில் உள்ள பெரியவர்கள் ஐந்தாறு பேருக்குப் போன் கற்றுத் தருகிறாள். எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று திட்டு வாங்கினேன்.

எழுத்துப் பிழை இருந்தால் பாதிப் பழி எனக்கு, பாதி போனுக்கு. நோக்கியாவில் இருந்தவர்கள், இப்போது ஓரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இருப்பவர்கள், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வரலாறு உங்களிடம்தான் இருக்கிறது. நான் தொகுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்